மந்திரம் யாருக்குப் போகும்

மருமக்கத்தாய முறையில் ஒருவன் வைத்திருப்பது அவன் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். மக்கத்தாயத்தில் சொந்த மகனுக்குப் போகும். திருவிதாங்கூரில் இதையெல்லாம் சட்டம் திருத்திப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் மந்திரசக்தியைப் பற்றி அதில் பிரிவு எதுவும் கிடையாது. நான் தேடிப் பார்த்தவன்.

தேட வைத்தவர் உதியன்குளங்கரையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த அண்ணாச்சி. எல்லைக் கிளர்ச்சி நடந்த ஆண்டுகள் அவை. நான் தாலுகா ஆபீசில் இளம் குமாஸ்தா. நாங்கள் தமிழ்நாட்டோடு போவதா மலையாளத்தோடு நிற்பதா என்று ரோடெல்லாம் பேச்சு. கம்பவுண்டர் வரும் சாயாக்கடையில் மட்டும் அதைவிடப் பெரிய வழக்கு நடந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் வரும் வாரப் பத்திரிகையில் மந்திரவாதித் தொடர்கதை ஒன்று. கடைசி அத்தியாயத்தில் மந்திரவாதி செத்தான். மகன் ஒருவன் உண்டு, சகோதரி மகன் ஒருவன் உண்டு. ரத்தத்தில் இறங்கும் மந்திரம் யாருக்கு இறங்கியது என்று சொல்லாமலே ஆசிரியர் ‘முற்றும்’ போட்டுவிட்டார்.

சகோதரி மகன் உயிரோடு இருக்கும்போது மகனுக்கு என்ன பாத்தியதை என்று தனுவச்சபுரத்து வாத்தியார் கேட்டார். அவர் வீட்டு வழக்கம் அது. குளத்தூர்க் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரிக்கு இது விளங்கவே இல்லை.

“பெத்த பிள்ளைய விட்டுட்டு மருமவனுக்குக் குடுக்குத மந்திரவாதிக்கு மொதல்ல பேதி மருந்து குடும், கம்பவுண்டரே.”

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனார் பேர்பெற்ற விஷ வைத்தியர், குடும்பம் மருமக்கத்தாயம், வித்தை சகோதரி மகனுக்குப் போயிற்று. தாயார் விளவங்கோட்டுத் தமிழ்க் குடும்பம், மக்கத்தாயம். அங்கே தாத்தாவின் வர்ம வித்தை மாமனுக்கும், பிறகு மாமன் மகனுக்கும் போயிற்று. இரண்டு பக்கமும் விதி சரியாகத்தான் நடந்திருந்தது. பாம்பு கடித்த ஒருவனைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள், இவரை வைத்தியர் மகன்தானே என்று உறுதி செய்துகொண்டு, அத்தை மகன் வீட்டுக்கு வழி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். இவர்தான் வழி சொன்னார்.

அன்று சாயாக்கடையில் என் பக்கம் திரும்பினார். “எலே மக்கா, ரெண்டு பக்கத்து ரத்தமும் ஓடுதவனுக்கு ஒண்ணும் இல்லேன்னு எந்தச் சட்டத்துல உண்டு? நீ ஆபீசுக்காரனாக்கும். பத்திரிகைக்குக் கேட்டு எழுது.”

எழுதினேன். தகப்பன் வழியில் மருமகனுக்கும் தாய் வழியில் மகனுக்கும் போகிற குடும்பங்களில் பிறந்தவனுக்கு மந்திரம் எவ்வழி இறங்கும் என்று, முறைப்படி ‘பொருள்’ எல்லாம் போட்டு. பதில் இல்லை. முறைப்படி நினைவூட்டல்களும் அனுப்பினேன். கம்பவுண்டர் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். அதற்குள் டில்லியில் எல்லைக் கோடு போட்டு முடித்துவிட்டார்கள்.

கடைசியில் பத்திரிகையிலிருந்து அவர் பேருக்கு ஒரு கார்டு வந்தது. மந்திரம் அந்தந்த நாட்டு வழக்கப்படியே இறங்கும் என்றும், தாங்கள் எந்த நாட்டவர் என்று தெரிவித்தால் விவரமாகப் பதில் எழுதுகிறோம் என்றும் கண்டிருந்தது.

கம்பவுண்டர் கார்டை என்னிடம் நீட்டினார். “என்னத்த எழுத, மக்கா?”

சர்க்காரில் முழு சர்வீஸ் முடித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் தாய் வீடு இருந்த விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போய், அவர் நின்ற இடம் கேரளமாக ஆன அதே நாளில்தான் அந்தப் பதில் வந்து சேர்ந்தது: 1956, நவம்பர் முதல் தேதி.