முட்டுக்காடு பஸ்

போன வாரம் ஊரப்பாக்கம் வீட்டில் என் தங்கை மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "மாமா, சலீம் அங்கிள் அனுப்பின பாட்டு ஃபைல்ல முட்டுக்காடுன்னு ஒரு பஸ் இருக்கே, அது என்ன?" என்றாள். அடுப்படியில் தங்கை கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அந்தப் பேரைக் கேட்டதும் புது வேட்டியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

சொல்கிறேன், கேளுங்கள். வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். செங்கல்பட்டில் என் நண்பன் சலீமின் அப்பாவுக்கு, அவன் வாயில் அத்தாவுக்கு, ஜவுளிக்கடை. மாடியில் வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சலீம் பாடுவான், நான் கம்ப்யூட்டரைத் தட்டுவேன். எனக்கு இசையும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. தைரியத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

அத்தா கெடு வைத்துவிட்டார். "ரம்ஜானுக்குள்ள ஒரு பாட்டாவது முழுசா போட்டுக் காட்டு. இல்லேன்னா கல்லாவுல வந்து குந்து." கல்லா என்றாலே சலீமுக்கு ஜுரம் வரும்.

பாட்டுக்குக் கோரஸ் வேண்டும். ஆளுக்கு எங்கே போக? எட்டுக் குரலையும் அவனே பாடினான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எக்கோ போட்டேன். எக்கோ இல்லாததைப் பாட்டென்றே அப்போது எங்கள் பக்கம் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஐந்தாவது எக்கோவில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். "பூட்ச்சுடா மச்சான்" என்று சலீம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான்.

திரையில் 'பஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் ஹாரன் அடிக்கும் என்று நினைத்து நாங்கள் தொட்டதே இல்லை. சிரிக்காதீர்கள். ஒருநாள் வெறுத்துப்போய் அமுக்கினேன். ஹாரன் அடிக்கவில்லை, காலியாக ஒரு வரிசை வந்தது. அதில் ஒரே ஒரு எக்கோவை வைத்துவிட்டு எட்டுக் குரலையும் அதற்குள் அனுப்பலாம், எதற்கு எவ்வளவு என்பது நம் இஷ்டம். "டேய், நெசமாவே பஸ்ஸுதாண்டா! எல்லாரையும் ஏத்து!" என்று குதித்தான் சலீம். முட்டுக்காடு பாலத்தடியில் கத்தினால் குரல் திரும்பி வரும். அதனால் பஸ்ஸுக்கு அந்தப் பெயரையே வைத்தோம்.

ஆசை யாரை விட்டது? அந்த எக்கோவை இன்னொரு பஸ்ஸில் ஏற்றி, தூரத்தில் பாடுவதுபோல் மங்கலாக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அதை மறுபடி முட்டுக்காட்டுக்கே திருப்பிவிட்டேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. எக்கோவுக்கு எக்கோ, அதற்கும் எக்கோ என்று ஒரே ஊளை. கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

"இன்னாங்கடா பேஜாரு பண்ணிகினு கீறீங்க?" அத்தா படியேறி வந்துவிட்டார். திருப்பிவிட்ட வழியை அவசரமாக அடைத்தேன், ஊளை நின்றது. சலீம் பாட்டை முதலிலிருந்து போட்டான்.

அத்தா வேட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். "நல்லாத்தான் கீது. இத்தினி பேரை எப்படா மாடிக்கு இட்டாந்தே? நாஸ்தாவாவது குட்த்தியா?"

"எல்லாம் நான்தான் அத்தா."

அவர் வேட்டிக் கட்டைவிட்டு எழுந்தார். "அப்ப கல்லாவுக்கு வேற ஆளப் பாக்குறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். சலீம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும்தான்.

இன்று அந்த ஜவுளிக்கடை இல்லை, அத்தாவும் இல்லை. ஐந்தாவது எக்கோவில் நின்றுபோகும் கம்ப்யூட்டரும் இல்லை. தங்கை மகள் நாற்பது எக்கோ போட்டும் லேப்டாப் அசரவில்லை. "அப்புறம் இப்ப எதுக்கு மாமா பஸ்?" என்றாள்.

நியாயமான கேள்வி. சலீமுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"தனித்தனியா போனா அது எப்பிடி மச்சான் கோரஸ் ஆவும்?" என்றான்.