கோர்ட்டில் கூப்பிட்ட பெயர்

தோணிரேவில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும், நகங்களில் கிரீஸ் கறை, நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. பொன்னேரியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தவர், நான் காட்டிய நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். கதவுக்கு முதுகு காட்டி அவர் எங்கேயும் உட்காருவதில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சின்ன வயதில் தனக்குப் பாலியல் கொடுமை செய்த டியூஷன் வாத்தியார் மேல் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும் என்றார். வாத்தியார் இன்று ஊரே வணக்கம் வைக்கும் பெரிய மனிதர். பதினெட்டு வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், இனிமேல் போட்டால் தள்ளுபடிதான் என்றேன்.

"அந்த வயசுல இத்த வாய்விட்டு சொல்லவே எனக்குத் தெரியாது மேடம். இப்பதான் சொல்ல வருது."

"சட்டம் அதைக் கேட்காதுங்க."

"சரி. கோர்ட்டுல அந்தாளு பேர சத்தமா கூப்புடுவாங்கதான?"

"டவாலி மூணு தடவை கூப்பிடுவார்."

"அது போதும். போடுங்க."

வழக்கு தள்ளுபடியாகத்தான் ஆனது. தோற்றோம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. முதல் வாய்தா அன்று வராந்தா முழுக்கத் தோணிரேவுக்காரர்கள் நின்றார்கள். அவர்தான் வரச் சொல்லியிருந்தார். டவாலி மூன்றாம் முறை பெயரைக் கூப்பிட்டதும் வாத்தியார் உள்ளே வந்தார். கோர்ட்டுக்குள் இருந்த எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். என் கட்சிக்காரர் மட்டும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.