மோட்டார் அறைச் சாவி

அந்தச் சாவி எங்கள் கோச்சடை வீட்டுச் சமையலறையில், கடுகு டப்பாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. காபிக்கு உள்ளே போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கி, எரிச்சல் கூடுவதால் விட்டுவிட்டேன்.

என் மாமனார் தன் மாந்தோப்பை இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தார். மூத்தவளைக் கட்டிய என் சகலைக்குப் பதினெட்டு மரம், இளையவளைக் கட்டிய எனக்குப் பதினெட்டு மரம். எல்லாம் காசாலட்டு ரக ஒட்டுமா. கிணறு ஒன்று, மோட்டாரும் ஒன்று. முறை வைத்து இறைத்துக்கொண்டோம். காய்ப்பு மட்டும் அவர் பக்கம். மண் வேறாக இருந்திருந்தால் மண்ணைச் சொல்லி மனத்தை ஆற்றியிருப்பேன்.

கார்த்திகை மழை விட்டதும் அவர் தன் முறையை விட்டுவிடுவார். பனிக்காலத்தில் மரம் ஓய வேண்டுமாம். தண்ணீர் காட்டினால் தளிர் விட்டுப் பூவை மறந்துவிடுமாம். பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை அவர் வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். மங்கித் தொங்கும் இலைகளை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. அவர் முறைத் தண்ணீரையும் சேர்த்து என் மரங்களுக்கே இறைத்தேன்.

"சகல, தூங்குறவன எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டுறீகளே!" என்பார் வரப்பில் நின்று.

"ஒங்க மரம் பட்டினி கெடக்குண்ணே. எனக்கு மனசு கேக்கல."

மார்கழியில் என் மரங்கள் செம்புநிறத் தளிரோடு மினுங்கும். தையில் அவர் மரங்களில் இலை தெரியாமல் பூ. பழம் பருக்க வேண்டும் என்று கொத்துக்கு ஒன்றிரண்டு பிஞ்சை விட்டு மீதியைக் கிள்ளி எறிவார். ஒரு மரத்தடியில் மட்டும் எழுபத்து மூன்று எண்ணினேன். என் மரம் எதுவும் மொத்தமாகவே அவ்வளவு காய்த்ததில்லை.

வைகாசியில் அவர் கூடை வரும். என் மனைவி கண்ணை மூடி, சாறு முழங்கை வரை வழிய, கொட்டையைச் சப்பித் தின்பாள். "அத்தான் கைராசி" என்பாள். எங்கள் பழத்தை ஜூஸுக்கு ஒதுக்குவாள். என் மரத்துப் பழத்தை ஒரே ஒரு முறை அவள் அப்படித் தின்ன வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் சகலை கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போனார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், அதுவரை கிணற்றடி மாடத்தில் கிடந்த மோட்டார் அறைச் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் மனைவியிடம் கொடுத்தார்.

"பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் இவர்ட்டக் குடுத்துராத, தாயி."

அவள் சிரித்துக்கொண்டே இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்தேன்.

"மரமும் பட்டினி, நீங்களும் பட்டினி. ரெண்டும் பூக்கட்டும்" என்றாள்.

தையில் என் பதினெட்டு மரமும் பூத்தன. எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன். கொத்துக்கு இரண்டு விட்டு மீதிப் பிஞ்சை நானும் கிள்ளினேன். வைகாசியில் முதல் பழத்தை நானே கழுவிக் கொடுத்தேன். கண்ணை மூடினாள். முழங்கை வரை வழிந்தது.

"எம்புட்டு ருசி! அத்தான் மரந்தான?"

"நம்ம மரம்."

"அட!" என்று கொட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைகூடக் கழுவாமல் போனை எடுத்தாள். "அத்தான், நீங்க சொன்ன மாதிரியே..."

இப்போது மறுபடி கார்த்திகை மழை விட்டிருக்கிறது. இந்த வருடம் சாவியை என் கைக்கு எட்டும்படிதான் மாட்டியிருக்கிறாள். நான் தொடவில்லை. வைகாசியில் அவள் மறுபடி கண்ணை மூடித் தின்பாள். அந்த நேரம் போனை எங்கே ஒளித்துவைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.