ராகு காலத்தில் புறப்படாத லாரிகள்

துளசி நிழலில் குழந்தையாய்க் கிடைத்த கோதைப் பிராட்டியின் திருவடிகளை முதலில் தொழுகிறேன். நான் சொல்லப்போகும் பழைய பிழை அவள் அறிந்ததே. இனி நீங்களும் அறியலாம்.

நண்பர்களே...

வெயிலில் காய்ந்த தார்ப்பாயின் வாடையோடு டீசல் வாடை கலந்தால் ஒரு மணம் வரும். இராஜபாளையத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த லாரி ஏஜென்சியின் மணம் அது. வாசல் நிறைய பேண்டேஜ் துணிப் பொதிகள். உள்ளே என் மேசை. அதன்மேல் ஒரு பஞ்சாங்கம், பக்கத்தில் டிரைவர்களின் வேலைநேரப் பதிவேடு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலைப் பேருந்தில் போய்வருவேன். நெற்றியில் திருமண் இருந்ததால் டிரைவர்களுக்கு நான் 'சாமி'.

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. இடையில் அரை மணியாவது இளைப்பாற வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. லாரிகளோ, பொதி ஏறி முடிந்த நிமிடமே கிளம்பின. பதிவேடு மட்டும் சட்டப்படி ஓடியது. மாதப் பிறப்பன்று டிரைவர்கள் டீயைக் குடித்தபடி வெற்றுப் பக்கங்களின் அடியில் கையெழுத்திடுவார்கள். மாதக் கடைசியில் நான் ஒரே அமர்வில் மேலே நிரப்பிவிடுவேன்.

சுந்தரபாண்டியத்துக்காரரான சவரிமுத்து அண்ணன் என்னும் டிரைவர் எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்.

"நான் தூங்காத தூக்கமெல்லாம் ஒங்க நோட்டுல தூங்கியிருக்கேனே சாமி. ஒங்க ஊர்ல பள்ளிகொண்ட பெருமாள்கூட இம்புட்டு நேரம் படுத்துக் கெடக்க மாட்டாரு."

எல்லோரும் சிரிப்போம். விடியலில் சந்நிதியில் நின்று பாசுரம் சொன்ன நாவும், மேசையில் பொய் எழுதிய கையும் ஒருவனுடையவைதாம் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. அதை எழுத்து வேலை என்றே எண்ணியிருந்தேன்.

ஒரு புதன்கிழமை... பெங்களூர் போய்த் திரும்பிய அண்ணனை, வீட்டுக்குக்கூட விடாமல் அப்படியே மதுரைக்கு அனுப்பினார் முதலாளி. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பட்டப்பகலில் கண் அசந்து, லாரி புளியமரத்தில் மோதியது. வேறெவருக்கும் காயமில்லை. அண்ணனின் இடது கால் நொறுங்கிப் போயிற்று.

அன்று மாலையே அந்த மாதப் பக்கத்தை நிரப்பச் சொன்னார் முதலாளி. நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை, சவரிமுத்து, முழு ஓய்வு.

அந்த வரி என்ன செய்யும் என்பது, அண்ணனின் மனைவி செசிலி அலுவலகத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. முழுநாள் ஓய்வெடுத்தவன் மறுநாள் பகலில் தூங்கினான் என்றால் குடித்துத்தான் இருப்பான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நஷ்டஈடு இல்லை. லைசென்ஸும் போய்விடும்.

"அவிய வீட்டுக்கே வரலியே சாமி. பொறவு எங்க படுத்து எந்திரிச்சாவ? நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுவாரம் விபத்தை விசாரிக்கத் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். நடுவயது அம்மையார். ஓராண்டுப் பக்கங்களை நிதானமாகப் புரட்டியவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஏன் ஐயா, ஒரு வருசத்துல ஒங்க லாரி ஒண்ணுகூட ராகு காலத்துல கெளம்பலியே?"

எனக்கே அது தெரியாது. திங்கள் ஏழரைக்கு முன்னால், வெள்ளி பன்னிரண்டுக்குப் பின்னால் என்று என் கை தானாகவே நல்ல நேரம் பார்த்து எழுதியிருக்கிறது. வாசலில் நின்ற டிரைவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பக்தியான ஆபீஸ் இது என்றார் முதலாளி.

"பக்தி சரி. லோடு ஏத்துறவுகளும் பஞ்சாங்கம் பாத்தா ஏத்துதாக?" என்ற அம்மையார், சவரிமுத்து என்ற பெயரில் விரலை வைத்து என் பக்கம் திரும்பினார். "அந்தச் செவ்வாக்கெழம இந்த மனுசன் எங்க இருந்தாரு?"

முதலாளி என்னையே பார்த்தார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர் இருந்தோம்.

"பெங்களூர் ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டு இருந்தாரும்மா. ரெஸ்டுன்னு எழுதுனது நான். இந்த நோட்டு பூராவுமே நான் உக்காந்த எடத்துல எழுதுனதுதான்."

அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. லைசென்ஸ் தப்பியது. எனக்கு அன்றோடு அங்கே வேலை முடிந்தது.

மன்னிப்புக் கேட்க அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டார் அண்ணன்.

"வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது யாரு? நான்தான சாமி. ஒக்காருங்க, செசிலி காப்பி வாங்கிட்டு வாரா."

அந்தக் காப்பியின் சூடு இன்னும் நாவில் இருக்கிறது...

இப்போது லாரிக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. கிளம்பியது, நின்றது எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்கிறது. என் போன்ற குமாஸ்தாவுக்கு வேலையில்லை. நல்லதே. ஆனால் லாரி நின்ற நேரம்தான் அதற்குத் தெரியும். உள்ளிருப்பவர் தூங்கினாரா என்பது தெரியாது. அதை அவர் கண்ணைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு எதிரே சிவந்து நின்ற அத்தனை கண்களையும் நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு என்று எழுதினேன்.

படித்த உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் பிராட்டியின் அருள் குறைவின்றி நிலைக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து சாலைக்குப் போகிறவர் எவராயினும், கண் நிறைய உறங்கிப் புறப்பட்டு, நலமாய் வாசல் வந்து சேரட்டும்.