தவளையை வெட்டிய காலை

என் தங்கச்சியை அடக்கம் செய்த பன்னிரண்டாம் நாள் நான் ஒரு சிலையை வெட்டினேன். அதைச் செய்தவரின் கையையும் வெட்டினேன். இரண்டும் ஒரே வாக்கத்தியால். தோட்டத்தில் களையும் காய்ந்த ஏலச்செடித் தட்டையும் வெட்டுகிற வளைந்த கத்தி அது.

போடியில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பு ஏறும் இடத்தில் அந்தச் சிலை நின்றது. நிஜ ஜீப்பில் பாதி அளவுக்கு ஒரு வெண்கல ஜீப்பு. ஸ்டியரிங்கில் ஒரு கரடி. அதன் பக்கத்தில் வெற்றிலை மெல்லும் காட்டுப்பன்றி. பின்னால் தலையில் சாக்கைக் கவிழ்த்த மந்திகள், மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பின்படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு ஒரு தவளை. எல்லாவற்றுக்கும் வாய் பிளந்திருக்கும். திறந்து வைத்த அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அக்கா, அந்தத் தவளை நீதான்" என்றாள் தங்கச்சி. உள்ளே உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும், அதனால் எப்போதும் படியில்தான் தொங்குவேன்.

சிலைக்காரர் போடிக்காரர்தான். அவருடைய அம்மாவும் எங்களைப் போல மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவர். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு நோட்டில் வரைந்துகொண்டே இருப்பார்.

விபத்து நடந்தது போடிமெட்டுக்கு இரண்டு வளைவு கீழே. நல்ல மூடுபனி. எதிரே லோடு லாரி வந்தது. டிரைவர் இடப்பக்கம் ஒடித்தார். மழையில் ஊறிய ஓரத்து மண் சரிந்தது. படியில் நின்றிருந்த நான் ரோட்டில் தெறித்து விழுந்தேன். ஜீப்பு உருண்டது. தகரம் நசுங்கும் சத்தத்துக்குள்ளிருந்து அவர்களுடைய அலறல் கேட்டது. பிறகு தகரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவில் தங்கச்சி கிடந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் வெளியே தெரியவில்லை.

"அக்கா, இழுக்கா. வெரசா இழுக்கா."

கையைப் பிடித்து இழுத்தேன். தோள் மூட்டு கழன்ற சத்தம் என் உள்ளங்கையில் கேட்டது. அவள் வரவில்லை. ஆட்கள் கயிறு கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். அவளோடு இன்னும் நான்கு பேர் போனார்கள்.

வீட்டில் இருக்க முடியாமல் பன்னிரண்டாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன். ஜீப்பு இன்னும் வரவில்லை. தூறலில் நனைந்து வெண்கலம் பளபளத்தது. தவளை வாயைப் பிளந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சாக்கிலிருந்து வாக்கத்தியை உருவி அதன் முகத்தில் வெட்டினேன். கத்தி துள்ளி, அதிர்ச்சி தோள் வரை ஏறியது. மறுபடியும் வெட்டினேன். பிறகு எண்ணவில்லை.

அதே விபத்தில் பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர் ஜாக்கி லீவரோடு ஓடிவந்து கரடியின் மூக்கில் இறக்கினார். "எங்க சாவு இவனுக்குச் சிரிப்பா இருக்காடா?" என்று கத்தினார். கல் பறந்தது. பன்றியின் காது உடைந்து ரோட்டில் உருண்டது.

சிலைக்காரர் டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். "வேணாம்மா! வேணாம்!" என்று தவளையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

கை தவறிவிட்டது என்று சொல்லச் சொன்னார் என் வக்கீல். தவறவில்லை. தவளையின் முதுகில் அவருடைய வலது கை இருப்பதைப் பார்த்தேன். பார்த்துத்தான் இறக்கினேன்.

இரண்டு விரல் போனது. அவர் கத்தவில்லை. கையைத் தூக்கி, யாருடையதோ என்பது போலப் பார்த்தார். அதற்குள் நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். வாயில் ரத்தம் வந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு காய் எடுக்கிற அக்கா ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கன்னத்தில் அறைந்தாள்.

"அடிப்பாவி, மனுசன்டி அவன்!"

அப்போதுதான் கத்தி என் கையிலிருந்து விழுந்தது.

கோர்ட்டில் அவர் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. "இந்தம்மாதான் வெட்டுச்சு. பாத்துத்தான் வெட்டுச்சு." நானும் ஆமாம் என்றேன். ஒரு வருஷம் கிடைத்தது. ஜெயிலில் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். எனக்கு எழுத்து கூடியது அங்கேதான்.

வெளியே வந்ததும் அவருடைய பட்டறைக்குப் போனேன். உடைந்த ஜீப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அவர் மூன்று விரலால் சிலைக்கான மெழுகைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு வந்தே?"

"மன்னிப்புக் கேக்கண்ணே."

"மன்னிக்க மாட்டேன். காலைல சட்டைப் பட்டன் போடுறப்ப எல்லாம் உன்னயத் திட்டிட்டுத்தான் போடுறேன்."

"சரிண்ணே."

நான் திரும்பும்போது கேட்டார். "கரடியை வெட்டியிருந்தாலும் புரியும். வண்டி ஓட்டுனது அது. தவளையை ஏன் வெட்டுனே?"

"தவளை நான்தாண்ணே. படியில தொங்குனேன், தப்பிச்சு விழுந்துட்டேன். அவ உள்ள இருந்தா."

இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. அவர் மெழுகைக் கீழே வைத்தார். பிறகு மூலையிலிருந்த குடத்தைத் தலையால் காட்டினார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் மலை ஏறவில்லை. போடியிலேயே ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் ரகம் பிரிக்கிறேன். ரோட்டில் அவர் எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன். போன மாதம் அவரே கடந்து என் பக்கம் வந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"மானம் கறுத்துருச்சு, மழ வரப்போகுது, வெரசாப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் தலையாட்டினேன்.