சைகோன்காரர் கடை ரொட்டி

தலைப்பிள்ளை வயிற்றிலிருந்தபோது எனக்குச் சோறு ஆகாமல் போயிற்று. உலை கொதிக்கிற வாசனை எட்டினாலே குடலைப் புரட்டும். மாமியார் நார்த்தங்காய் தந்தார், மாதுளை உரித்துத் தந்தார், எதுவும் தங்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு, நானும் கணவரும் குற்றாலம் சாலை வழியே சாரலில் நடந்து வந்தோம். ஒரு கடையிலிருந்து ரொட்டி வேகும் மணம் வந்தது. மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை, நின்றுவிட்டேன்.

சைகோன்காரர் கடை என்பார்கள். கடல் தாண்டிச் சைகோன் பட்டணத்துக்குப் பிழைக்கப் போய் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு திரும்பியிருந்தார். அன்று கடையில் இருந்தது அந்த அம்மாள்தான். சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்திருந்தார்.

"உள்ள வாம்மா. மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? எத்தன மாசம்?" தென்காசித் தமிழ்தான், ராகம் மட்டும் வேறு.

"மூணு. தண்ணிகூட நிக்க மாட்டேங்கு" என்றேன்.

நீளமான ரொட்டி ஒன்றைக் கீறி, பொரித்த முட்டை, காடியில் ஊறிய முள்ளங்கி, வெள்ளரிக்காய், மல்லித்தழை, பச்சைமிளகாய் எல்லாம் வைத்து மூடித் தந்தார். மேல்தோடு நொறுங்கியது, உள்ளே பஞ்சு. புளிப்பு நாக்கில் பட்டதும்தான் எனக்குப் பசிக்கிறது என்றே தெரிந்தது. முழுவதையும் தின்றுவிட்டு, எப்போது புரட்டுமோ என்று பெஞ்சில் காத்திருந்தேன். புரட்டவில்லை. அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாள் என் முதுகைத் தடவினார். "எனக்கும் இப்படித்தான். இங்கன வந்த புதுசுல பிள்ள உண்டாச்சு. சோறு எறங்கல. அம்மையத் தேடுது, அம்மை கடலுக்கு அந்தப் பக்கம்லா இருக்கா. இவுகதான் பொறவாசல்ல அடுப்புக் கட்டி, எங்க ஊரு ரொட்டியச் சுட்டுத் தந்தாவ. கடையெல்லாம் அதுக்கப்புறந்தான்."

அதிலிருந்து தினமும் கணவர் எனக்கு அந்த ரொட்டியை வாங்கி வந்தார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "காய்ச்சக்காரன் திங்கிறதையா மாசமா இருக்கவளுக்குக் குடுப்பாவ?" என்று சண்டை போடவே கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. "முள்ளங்கிய என்னமோ பண்ணுதா. நல்லாத்தான் இருக்கு" என்றார், என் முகத்தைப் பாராமல்.

வளைகாப்புக்கு அந்த அம்மாளை மாமியாரே போய் அழைத்தார். வந்தவர் சொந்தக்காரப் பெண்களைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அங்கன ஏன் நிக்க? இந்த வயித்துக்குச் சாப்பாடு போட்டவ நீ. மொத வளையல நீதான் போடணும்" என்றார் மாமியார்.

அந்த அம்மாள் எனக்கு வளையல் போட்டார். பிறகு மாமியார் அவர் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளிலும் வளையல் அடுக்கினார். "ஒனக்கு அப்ப யாரு போட்டிருக்கப் போறா?" என்றார். அந்த அம்மாள் தன் பாஷையில் ஏதோ சொன்னார். எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சுகப்பிரசவம், பெண் குழந்தை. தொட்டிலைப் பார்க்க அவர் வந்த அன்று, வேற்று ஆளை நடை தாண்ட விடாத என் மாமியார், அவரை அடுக்களைக்குள் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.