மருமகன் கொண்டுபோன நாற்காலிகள்

எந்த வீட்டில் உட்காரச் சொன்னாலும் இனோகே முதலில் கையைப் பின்னால் விட்டுத் துழாவிப் பார்ப்பார். நாற்காலி இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் உடம்பு இறங்கும். ரக்பி லீக் ஆடிய காலத்தில் அடிபட்ட முழங்கால்தான் காரணம் என்று ஆட்டக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். அவரும் மறுத்ததில்லை. ஃபிஜி அணியின் பயிற்சியாளருக்கு முழங்கால் வலி இருப்பது கௌரவம். காரணம் மருமகன் என்றால் யார் மதிப்பார்கள்?

பெதெலி அவருடைய தங்கை உனைசியின் மகன். அவர்கள் ஊரான சம்பேதோவில் தாய்மாமன் வீட்டுப் பொருள் எதையும் தங்கை மகன் எடுத்துக்கொள்ளலாம். எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. நடக்கப் பழகியதிலிருந்து பெதெலி மாமனின் செருப்பு, மழைச்சட்டை, பன்றிக்குட்டி என்று முன்னேறி, ஒருநாள் அவர் உட்காரப் போன நாற்காலியையே தூக்கிப் போய்விட்டான். அன்று விழுந்ததில் வந்த பழக்கம் இது.

வளர்ந்து மாமனின் அணியிலேயே ஆட வந்த பெதெலியை ஓடிப் பிடிக்க இப்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆனால் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால்தான் புள்ளி. அவனோ அழுத்தும் முன்பே கூட்டத்துக்குக் கையசைப்பான். பந்து நழுவிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இனோகேவுக்குத் தன் பழைய ஆட்டம் நினைவுக்கு வரும். நாட்டுக்காக ஆடிய ஒரே பெரிய ஆட்டத்தில் அவர் செய்ததும் அதுதான். பக்கத்தில் எதிராளி ஒருவன்கூட இல்லை. கூட்டத்தில் இருந்த லோசனாவைப் பார்த்துக் கையசைத்தார். பந்து போனது, லோசனா மட்டும் கிடைத்தாள்.

அடுத்த ஆட்டம் லௌதோகாவில், சமோவாவோடு. அதிலும் தோற்றால் வேறு பயிற்சியாளரைத் தேடுவார்கள். இனோகே பெதெலியை விட்டுவிட்டு அணியை அறிவித்தார்.

மாலையில் உனைசி வந்தாள். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது வழக்கமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கவா வேர்ப்பானம் குடித்துக்கொண்டிருந்த அண்ணனை விட்டுவிட்டு லோசனாவிடம் கேட்டாள்.

"மதினி, எம்புள்ளைய ஏன் கழிச்சாராம் உங்க வீட்டுக்காரரு?"

"பந்தக் கீழ போடுறானாம்."

"பந்தக் கீழ போட்டவருதான இப்பப் பயிற்சியாளரு?"

இனோகேவுக்குப் புரையேறியது. அந்த நேரம் பார்த்து வாசலில் பெதெலி வந்து நின்றான்.

"மாமா, எனக்கு ஒண்ணு வேணும்."

அணியில் இடம் கேட்டுவிட்டால் முடிந்தது கதை. இனோகே அவனைப் பேசவே விடவில்லை.

"மருமகனே, இந்த வீட்டுல இருக்கிறது அத்தனையும் எடுத்துக்கோ. ஆனா ஆட்டத்தப் பத்தி மட்டும் வாயத் திறக்கக் கூடாது."

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. மறுநாள் பெதெலி லாரியோடு வரும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

"இனி எதுல சமைக்கிறது?" என்றாள் லோசனா. "கொஞ்சம் யோசிச்சுப் பேசக் கூடாதா?"

"நான் பந்தையே யோசிச்சுப் பிடிச்சதில்லடி."

லௌதோகா மைதானத்தில் கயிற்றை ஒட்டி இனோகேவின் சோபா கிடந்தது. அதன்மேல் உனைசி. சுற்றிலும் அவருடைய நாற்காலிகளில் சொந்தபந்தம் அத்தனையும்.

"மாமா, கால் வலிக்குதா? நாற்காலி தரட்டுமா?" என்று பெதெலி கத்தினான். மைதானமே சிரித்தது. இனோகே ஆட்டம் முடியும்வரை நின்றார்.

பெதெலியின் இடத்தில் ஆடியவன் வதிமியோ, மந்தமான ஆள். கடைசி நிமிடங்களில் எப்படியோ கோட்டைத் தாண்டினான். யாரையும் பார்க்கவில்லை, கைக்குழந்தையை அணைப்பதுபோல் பந்தை அணைத்துக்கொண்டு அதன்மேலேயே விழுந்தான். ஃபிஜி ஜெயித்தது. பெதெலி கத்துவதை நிறுத்தியிருந்தான்.

மறுநாள் காலை இனோகே பயிற்சி மைதானத்துக்குப் போனபோது பெதெலி தனியாக ஓடிக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டுவதும், இரண்டு கையாலும் பந்தை அழுத்தி விழுவதும், எழுந்து திரும்ப ஓடுவதுமாக இருந்தான்.

"யாருக்கும் கையசைக்கலையா?"

"யாருக்கு அசைக்க? எல்லாரும் உங்க சோபாவுல தூங்குறாங்க."

அவன் காலில் இனோகேவின் பழைய பூட்ஸ் இருந்தது.

"அன்னைக்கு என்னடா கேக்க வந்த?"

"இந்த பூட்ஸத்தான் மாமா. நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

பெதெலி இப்போது அணியில் ஆடுகிறான். இனோகேதான் இன்னும் பயிற்சியாளர். நாற்காலிகள் உனைசியின் வீட்டில் இருக்கின்றன. இனோகேவின் வீட்டில் பாய் இருக்கிறது. அதில் உட்காரும் முன்பும் அவர் கையைப் பின்னால் விட்டுத் துழாவிப் பார்க்கிறார்.